நடுவீட்டு மதினி கேட்டது

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்த எங்களுக்குப் பாயசம் வந்தது. அதில் பாலும் இல்லை, இனிப்பும் இல்லை. வெந்நீரில் நாலு சேமியா நீந்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் ஒரு வாய் குடித்தோம், பக்கத்து இலைக்காரி முகத்தைப் பார்த்தோம், பேசாமல் இலையை மடித்தோம். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இதையே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதுதானே ஊர் வழக்கம். நடுவீட்டு மதினி மட்டும் இலையை மடிக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த கல்யாணப் பெண்ணின் தகப்பனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மொதப் பந்திக்கு ஊத்துன பாயசமும் இதுவும் ஒரே அண்டாவா?"

குரலில் கோபம் கிடையாது, குத்தல் கிடையாது. மணி என்ன ஆச்சு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவர் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று கொட்டகைக்குப் பின்னால் போனார். சமையல் பார்த்த தவசிப்பிள்ளைக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, எங்களுக்கு நல்ல பாயசம் கிடைத்தது. கை காய்ந்து போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து குடித்தோம். புறப்படும்போது அந்த மனிதர் மதினியிடம் வந்து, "நீ கேக்கலன்னா எனக்குத் தெரியவே தெரியாது தாயி. ஊரெல்லாம் என்னையல்லா பேசியிருக்கும்" என்றார்.

மதினிக்கு அதெல்லாம் ஒரு பெருமையே இல்லை. "கேட்டா வாயி தேஞ்சா போகும்?" என்பாள். அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

சங்கரன்கோவிலில் கோயிலுக்கு மேற்கே இருந்தது எங்கள் வளவு. ஒரு வாசல், உள்ளே எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், நடுவில் பொது முற்றம், கடைசியில் கிணறு. அதில் நடுவில் இருந்த வீடு அவளுடையது. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் டிக்கெட், டிக்கெட் என்று கத்திவிட்டு வருவதாலோ என்னவோ வீட்டில் வாயையே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து மதினி பேசினாள்.

ராயகிரியிலிருந்து நான் கல்யாணமாகி அந்த வளவுக்கு வந்த அன்று, புதுப்பெண்ணைப் பார்க்க எல்லா வீட்டுப் பெண்களும் வந்தார்கள். சங்கிலி எத்தனை பவுன், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், முறுக்குச் சுற்றத் தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, ஒனக்கு இந்தப் பையனப் பிடிச்சிருக்கா?" என்றாள். காப்பித் தம்ளரோடு வந்த என் மாமியார் அப்படியே திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை. பெற்றவர்கள் கேட்கவில்லை, தரகர் கேட்கவில்லை, சம்பந்தப்பட்ட பையனும் கேட்கவில்லை. நான் திருதிருவென்று விழித்துவிட்டு, "தெரியல மதினி" என்றேன். "சரி, தெரிஞ்சதும் சொல்லு" என்று எழுந்து போனாள். ஒரு வருஷம் கழித்துக் கிணற்றடியில் வாளியை இறக்கிக்கொண்டே, "என்னட்டி, தெரிஞ்சுதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அவளோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் எனக்கு உள்ளூர நடுக்கம். எந்த நேரம் யாரிடம் என்ன கேட்பாளோ. கத்தரிக்காய்க்காரியிடம், "உள்ள புழு இருக்கா?" என்பாள். யாராவது தன் காயில் புழு என்று சொல்வார்களா? ஆனால் மதினி கண்ணைப் பார்த்துக் கேட்டால், அந்தக் கிழவி, "இந்தக் கூறுல இருக்கும் தாயி, அதை எடு" என்று கையைக் காட்டிவிடுவாள். இந்த அதிசயத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மதினி வீட்டில் ஒரு பூனை இருந்தது. பெட்டைப் பூனை, துளி கறுப்பு இல்லாத வெள்ளை. சீனி என்று பெயர். சீனிக்கு ரேஷன் இருந்த காலம் அது. கடையில் கிடைக்காத சீனி எங்கள் வளவில் சுவர் மேல் நடக்கிறது என்று கண்டக்டர் அண்ணாச்சி ஒருமுறை வாய் திறந்து சொன்னார். அந்த வருஷம் அவர் பேசியதில் நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கிணற்றை ஒட்டிய உயரச் சுவரின் உச்சிதான் அதற்கு இடம். துவைக்கிற கல்லில் ஒரு தாவல், அங்கிருந்து சுவருக்கு ஒரு தாவல். மேலே உட்கார்ந்து வளவு முழுவதையும் மேற்பார்வை பார்க்கும். பாலைத் திறந்து வைத்தால் குடிக்கும், மீனைக் கழுவி வைத்தால் தூக்கும். என் மாமியார் அதைத் திட்டாத நாள் கிடையாது. "ஒம் பூனைய ஒரு சாக்குல கட்டி கழுகுமலைல கொண்டு விட்டுட்டு வா" என்பாள். மதினி பூனையிடமே திரும்பி, "குடிச்சியாட்டி?" என்று கேட்பாள். பூனை மீசையை நக்கும். "குடிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பாலைக் கொண்டுவந்து ஊற்றிவிடுவாள்.

தெருக்கோடியில் மூடைகளை அடுக்கி வைக்கிற பருத்திக் கிட்டங்கி ஒன்று இருந்தது. குருவிகுளம் பக்கத்து மானாவாரிப் பருத்தியெல்லாம் வண்டி வண்டியாக அங்கேதான் வந்து இறங்கும். அதன் முதலாளி பெரிய மனிதர். ஆள் உயரம், மீசை, எதிரே வருகிறவர்கள் தானாக ஒதுங்கி நிற்பார்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை. பார்வையை ஒரு பக்கம் திருப்பினால் ஆள் ஓடிப்போய்ச் செய்வான். சிப்பிப்பாறையிலிருந்து ஒரு நாய் கொண்டுவந்து வளர்த்தார். ஒல்லி வயிறும் நீளக் காலும் கொண்ட வேட்டை நாய். அதைக் கட்டிப் போடுகிற வழக்கமே இல்லை. ஓடுகிறது எதைக் கண்டாலும் துரத்தும். தெருவில் எத்தனையோ கோழி போயிற்று. ஒரு வீட்டு வெள்ளாட்டங்குட்டியின் காதைக் கிழித்தது. வண்டி மாடுகளின் காலைக் கவ்வியது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்து திட்டினோம். முதலாளியைத் தெருவில் கண்டால், "சௌக்கியமா முதலாளி" என்றோம்.

அது மாசி மாதம். வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை. பூனை முற்றத்தில் படுத்து முதுகை நக்கிக்கொண்டிருந்தது. வளவு வாசல் திறந்து கிடந்தது. நாய் எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டு ஓடி வந்தபோது பூனையைத் தொடையோடு கவ்வித் துணி உதறுவதுபோல் உதறிக்கொண்டிருந்தது. மதினி கையில் அகப்பட்ட செம்பை எறிந்தாள். முகத்தில் பட்டதும் நாய் விட்டுவிட்டு ஓடிப்போயிற்று.

பூனை கிடந்த கிடப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. பின்தொடையில் சதை பிளந்து தொங்கியது. விலாவில் பல் இறங்கிய ஓட்டைகள். வெள்ளை உடம்பு பாதி சிவப்பாகிவிட்டது. கண் மட்டும் திறந்திருந்தது. என் மாமியார் பார்த்துவிட்டு, "இனி இதுல என்ன இருக்கு. ஒரு சாக்கு எடுத்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லோரும் சரி என்பது போல நின்றோம்.

மதினி தரையில் உட்கார்ந்து பூனையின் காதருகே குனிந்தாள். "ஏட்டி, இருக்கியா, போறியா?" என்று கேட்டாள். அதற்கு அது என்ன சொல்லும்? ஆனால் காது அசைந்தது. நான் பார்த்தேன். "இருக்காளாம்" என்று மதினி எழுந்தாள். ஓலைப்பெட்டியில் பழஞ்சேலையை விரித்துப் பூனையை அதில் படுக்க வைத்து, "வாட்டி என்கூட" என்று என்னைக் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அங்கே வாசல் நிறைய மாடுகள். டாக்டர் இளவயதுக்காரர். பெட்டிக்குள் பார்த்ததும் திகைத்துப் போனார்.

"பூனையாம்மா? இங்க மாடு ஆடுதான் பாக்குறது. இதுவரைக்கும் பூனையை யாருமே கொண்டு வந்ததில்லையே."

"இப்ப நாங்க கொண்டாந்துட்டம்லா? இனிமே பாக்கலாம்லா?"

டாக்டர் மதினியைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "உள்ள கொண்டு வாங்க" என்றார். மாடுகளுக்கு முன்னால் பூனை போயிற்று. சாக்கில் சுற்றித் தலையை மதினி பிடித்தாள், காலை நான் பிடித்தேன். டாக்டர் ஊதா மருந்துத் தண்ணீரால் கழுவித் தையல் போட்டார். பூனை மதினியின் கட்டைவிரலைக் கடித்துக் குதறிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எலும்பு முறியல. ஆனா உயிருக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. பொழைச்சாலும் காலு பழையபடி வருமான்னு தெரியல. சுவரெல்லாம் தாவாது. புண்ணை ஈரம் படாம, சுத்தமா வச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

சுத்தமாக வைத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் மதினி ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், பெட்டிக்குள் வெள்ளைப் பூனையைக் காணோம். செம்மண் உருண்டை ஒன்று படுத்திருந்தது, அதில் இரண்டு கண் முழித்தது. நடந்தது இதுதான். எங்கள் ஊரில் தேள் கடித்தாலும் சிரங்கு வந்தாலும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவோம். அது இல்லாத வீடே கிடையாது. மதினி இல்லாத நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் மேலவீட்டுக்காரி ஒரு பூச்சு பூசியிருக்கிறாள். அது தெரியாமல் எதிர்வீட்டுக்காரி மேலே ஒன்று. கிணற்றடி வீட்டுக்காரி இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, தடிமனாக, என் மாமியார். நாள் தவறாமல் அந்தப் பூனையைச் சபித்தவள், புருஷன் வயிற்றுவலிக்கென்று பொதிந்து வைத்திருந்த மண்ணைத் தீரத் தீரப் பூசியிருக்கிறாள்.

மதினி முற்றத்தில் நின்று, "யாரு பூசுனது?" என்று கேட்டாள். ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே. "சும்மா கேக்கேன், சண்டைக்கு வரல. யாரு யாரு பூசுனது?" ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினாள். கடைசியில் என் மாமியாரும் தூக்கினாள். மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்பாளுக்குத் தெரியாமலா இருக்கும், டாக்டர் சொன்னபடி கழுவிருவோம்" என்றாள். மறுபடியும் மாட்டாஸ்பத்திரி. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடியும் ஊதா மருந்தில் கழுவினார். கொஞ்ச நாளைக்குப் பூனை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பூனை கண்ணைத் திறந்து பாலை நக்கிய அன்று மதினி கிட்டங்கிக்குப் புறப்பட்டாள். பெட்டி இடுப்பில், பெட்டிக்குள் பூனை. "வேண்டாம் மதினி, பெரிய எடம்" என்றேன். "பெரிய எடம்னா காது கேக்காதா?" என்றாள். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன். வண்டிகள் வரிசையாக நின்றன, பருத்தி கொண்டுவந்த சம்சாரிகள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே முதலாளி என்று கூப்பிடுகிறவரை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க நாயைக் கட்டிப் போட மாட்டியளா?"

அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "நாய்னா ஓடத்தான் செய்யும். பூனைய நீ வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டிருக்கணும்."

"எம் பூனை எங்க வளவுலதான் படுத்திருந்துது. ஒங்க நாயி ஒங்க கிட்டங்கிலயா படுத்திருந்துது?"

நிழலில் இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. முதலாளி இப்போது திரும்பினார். "என்ன வேணும் ஒனக்கு? பூனைக்கு வெலை சொல்லு."

"வெலையா கேட்டேன்? நாயைக் கட்டுவியளான்னுல்லா கேட்டேன்."

அப்போது குருவிகுளத்துச் சம்சாரி ஒருவர் எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம் மாட்டுக் காலையும் கவ்விருச்சு முதலாளி. கேக்கணும்னு இருந்தேன்" என்றார். இன்னொருவர், "எங்க ஆளு ஒருத்தனையும் வெரட்டுச்சு" என்றார். மதினி கேட்டது ஒரு கேள்விதான், அது அத்தனை வாயையும் திறந்துவிட்டது. முதலாளி உள்ளே போய்விட்டார்.

நாய் அவிழ்ந்தேதான் திரிந்தது. மறுநாள் காலை மதினி குடத்தோடு கிட்டங்கியைக் கடக்கும்போது, "கட்டியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள். பதில் இல்லை. அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். பிறகு எதிர்வீட்டுக்காரி, "கட்டியாச்சா முதலாளி?" என்றாள். வண்டிக்காரர்கள் கேட்டார்கள். தயிர்க்காரி கேட்டாள். ஒருநாள் நானும் கேட்டுவிட்டேன். குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது. முதலாளி என்னை முறைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல.

பங்குனி பிறந்தது. பூனை பெட்டியை விட்டு இறங்கி நொண்டி நொண்டி நடந்தது. கிணற்றடி வரை போகும். துவைக்கிற கல்லின் கீழே நின்று சுவர் உச்சியை அண்ணாந்து பார்க்கும். முன்காலைத் தூக்கும், பிறகு இறக்கிவிடும். மதினி எதுவும் கேட்காமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்தக் கல்லில் நானே தூக்கி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்ட்டி, அவளே போவா" என்றாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது. குரலில் பழைய உறுதி இல்லை.

ஒரு மத்தியானம் முற்றம் முழுவதும் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தோம். ஓரத்தில் பூனை படுத்திருந்தது. நாய் மறுபடியும் வாசல் வழியாக வந்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம், நாயும் பூனையும் இந்தப் பக்கம், நடுவில் மிளகாய். மதினி விளக்குமாற்றை எடுத்து ஓடுவதற்குள் நாய் பூனையின் முன்னால் நின்றுவிட்டது.

பூனை ஓடவில்லை. அந்த நொண்டிக் காலை ஊன்றி எழுந்தது, முதுகை வளைத்தது, வாலைப் புசுபுசுவென்று ஆக்கியது. நாய் மூக்கை நீட்டியதுதான் தாமதம், நகத்தோடு விட்டது பாருங்கள் ஒரு அறை. மூக்கில் ரத்தம் துளிர்த்தது. நாய் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்து மிளகாய்க்குள் விழுந்து புரண்டது. மூக்கிலும் கண்ணிலும் மிளகாய்க் காரம். தும்மலான தும்மல். தும்மிக்கொண்டே வாசலைத் தேடி, தும்மிக்கொண்டே தெருவெல்லாம் ஓடியது. திரும்பிப் பார்த்தால் முற்றத்தில் பூனையைக் காணோம்.

கிணற்றுச் சுவர் உச்சியில் உட்கார்ந்து, காலை நக்கிக்கொண்டிருந்தது.

எப்போது கல்லில் ஏறியது, எப்போது சுவருக்குத் தாவியது, ஒருத்தியும் பார்க்கவில்லை. மதினி விளக்குமாற்றோடு அண்ணாந்து நின்றாள். "ஏட்டி, இவ்வளவு நாளும் நடிச்சியா?" என்று கேட்டாள். பிறகு அந்த விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுகையிலேயே சிரித்தாள். என் மாமியார் உள்ளே போய், காய்ச்சி வைத்திருந்த பால் முழுவதையும் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் காப்பி இல்லை.

அடுத்த நாள் கிட்டங்கி வாசலில் ஒரு முளை அடித்திருந்தது. முளையில் சங்கிலி, சங்கிலியில் நாய், அதன் மூக்கில் மூன்று கோடு. வண்டிக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மதினியும் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, "கட்டியாச்சா அண்ணாச்சி?" என்றாள்.

"அதான் கட்டிக் கெடக்கே மதினி, இன்னும் என்ன கேள்வி?" என்றேன் நான்.

"கட்டுனது தெரியுது. அவரு இன்னும் பதிலு சொல்லலயே" என்றாள். தினமும் கேட்டாள். அவர் தினமும் வேறு பக்கம் பார்த்தார்.

கோமதியம்மன் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, ஊரெல்லாம் கூட்டமாக இருந்த நேரம். ஒருநாள் காலை எங்கள் வளவு வாசலில் முதலாளி வந்து நின்றார். தன்னந்தனியாக. ஆள் அனுப்பாமல் அவரே எங்கேயும் போய் யாரும் பார்த்ததில்லை. எல்லாக் கதவும் ஒரு விரல் அளவு திறந்தது, எல்லாவற்றுக்குப் பின்னாலும் ஒரு கண். மதினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி."

"ஒண்ணு கேக்கணும் தாயி" என்றார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெரிய மனிதர் வார்த்தைக்குத் தவித்ததை நான் கண்ணால் கண்டேன். கேட்டுப் பழக்கம் இல்லை, பாவம். மதினி எடுத்துக்கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நின்றாள். அவர் சுவர் உச்சியைப் பார்த்தார். அங்கே பூனை வயிறு பருத்து, வெயிலில் நீட்டிப் படுத்திருந்தது.

"கிட்டங்கில எலி தாங்கல. பருத்திக்கொட்டை மூடை பூரா ஓட்டை. ஒங்க பூனை குட்டி போட்டுச்சுன்னா…" என்று இழுத்து, ஒருவழியாக முடித்தார். "ஒண்ணு தருவியளா?"

மதினி அவர் முகத்தையே பார்த்தாள்.

"கட்டியாச்சா அண்ணாச்சி?"

முதலாளி மீசையைத் தடவினார். தெருப் பக்கம் திரும்பினார். திரும்பவும் இவளைப் பார்த்தார்.

"கட்டியாச்சு தாயி."

"அப்பத் தாரேன்" என்றாள் மதினி. "பால்குடி மறந்ததும் வாங்க. எந்தக் குட்டி வேணும்னு நீங்களே பாத்துக் கேட்டு வாங்கிக்கிடுங்க."